மொரூனா ஓடை, இன்றைய உயரம்

தொலைபேசி மூன்றாவது முறை மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவது என் பழக்கம். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். அந்தப் பக்கம் இருப்பவர் ஏற்கெனவே கலங்கிப் போய்த்தான் கூப்பிடுகிறார். அவரை இன்னும் காக்க வைப்பது மரியாதை இல்லை. அந்தச் சனிக்கிழமை பகல் இரண்டு பன்னிரண்டுக்கு ஜனேல் மல்லின்ஸ் கூப்பிட்டபோதும் இரண்டாவது மணியிலேயே எடுத்தேன். நாற்பது வினாடி பேசியிருக்கிறோம் என்று தொலைபேசி நிறுவனம் உங்களிடம் சொல்லியிருக்கிறது. இருக்கும். என்ன பேசினீர்கள் என்று கேட்டீர்கள், சார்ஜென்ட். எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் எனக்கு முன்னுக்குப் பின்னாக வரும். எழுதினால் வரிசையாக வரும்.

ஓடையை ஒட்டிய தாழ்நிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஹாலரன் ஃப்ளாட்டில், கொலீன் டிரான்டர் நடத்திய நிறுவனத்தில் நான் வேலை பார்த்தேன். கடைகள், சங்கங்கள், பால் பண்ணைகள் ஆகியவற்றின் இணையப் பக்கங்களுக்கு எங்கள் கணினிகளில் இடம் கொடுப்பது தொழில். வீடு வாடகைக்கு விடுவது மாதிரிதான். கொலீன் வீட்டுக்காரி, ஒழுகுகிற குழாயை அடைக்கிறவன் நான். முந்நூற்றுச் சொச்சம் குடித்தனம். புகார் கொடுக்கப் படிவம் எதுவும் கிடையாது. பக்கம் திறக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் ரொட்டிக் கடை வரிசையில் முதுகில் தட்டிச் சொல்வார்கள். அங்கே நின்றபடியே கைப்பேசியில் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்.

அந்த முந்நூறில் ஒன்று மட்டும் நானே ஊருக்காக எழுதியது. ஒன்பது வருடம் ஆகிறது. 'மொரூனா ஓடை, இன்றைய உயரம்' என்று தலைப்பு. கீழே பச்சைப் பட்டையில் ஒரே ஓர் எண், மீட்டர் கணக்கில். பெரிய ஆற்றுக்கு அரசாங்கத்தின் அளவுகருவி உண்டு. எங்கள் ஓடைக்குக் கிளைவ் கெஸ்லர் மட்டும்தான். மலையடிவாரத்தில் பால் பண்ணை வைத்திருக்கிறான். அவன் வீட்டுப் பாலத்தடியில் மீட்டர் கோடு போட்ட கம்பம் ஒன்று நிற்கிறது. காலையும் மாலையும், மழைக்காலத்தில் மணிக்கு ஒரு தடவையும், அதைப் பார்த்துவிட்டு வந்து எண்ணை அனுப்புவான். அது தானாகவே பக்கத்தில் ஏறும். மூன்று என்றால் ஃப்ளாட்டில் சாமான்களை உயரத்தில் எடுத்து வைப்பார்கள். நான்கு என்றால் சக்கரம் வைத்த வீடுகளான கேரவன்களை வண்டியில் பூட்டிப் பள்ளிக்கூட மேட்டுக்கு இழுத்துப் போவார்கள். ஐந்து என்றால், இரண்டு மணி நேரத்தில் அந்தத் தண்ணீர் ஜனேலின் கேரவன் பூங்காவுக்குள் வந்துவிடும். மலையில் மழை கொட்டும்போது கீழே பளிச்சென்று வெயில் அடிக்கும். அதனால் எங்கள் ஊரில் வானத்தைப் பார்க்கிற வழக்கம் போய்விட்டது. பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

கொலீனுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஆகஸ்டில் நிறுவனத்தை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். வாங்கியவர்கள் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார்கள். முதல் வரியில், உங்களுக்கு எந்த மாற்றமும் இருக்காது என்று போட்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் பதினோரு மாற்றங்கள் இருந்தன. இனி தொலைபேசியில் கூப்பிடக்கூடாது. படிவம் நிரப்ப வேண்டும். வேலை நாள் மூன்றுக்குள் பதில் வரும்.

அன்றைக்கு எழுபது பேராவது கூப்பிட்டிருப்பார்கள். ஊர் முழுக்க ஒரே நடுக்கம். மாட்டு வைத்தியர் லாயிட், "நெவ், என் பழைய மெயில் எல்லாம் போயிடுமாய்யா? இருபது வருஷத்துக் கடிதாசி அதுல கெடக்கு" என்றார். எட்னா பூக்கடைக்காரி அழுதே விட்டாள். "சாவி இப்ப யாரு கைல இருக்கு? அதை மட்டும் சொல்லு. முன்னபின்ன தெரியாதவன் கைல என் கடைய விட்டுட்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்?"

ஜனேல் நேரிலேயே வந்தாள். கேரவன் பூங்கா அவளும் கணவன் டார்சியும் நடத்துவது. எப்போதும் என்னைச் சீண்டிக்கொண்டே பேசுவாள். அன்று கதவருகிலேயே நின்றாள்.

"என்ன வானிலைக்காரரே, உங்களயும் சேத்து வித்துட்டாங்களா?"

"ஆறு மாசத்துக்கு மட்டும். அப்புறம் கழட்டி விட்டுடுவாங்க."

"சிரிப்பு வரலை நெவ். ஓடைப் பக்கம் என்னாகும்? நான் காலையில கண்ணு முழிச்சதும் அதத்தான் பாக்குறேன். ஒன்பதாம் நம்பர்ல ஆஸ்போர்ன் தம்பதி இருக்காங்க, ரெண்டு பேரும் எம்பதைத் தாண்டினவங்க. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. ஓடக்கரையில கடை போட்டுட்டு நீச்சல் தெரியலன்னு வெளிய சொல்லிடாதீங்க."

"எதுவும் மாறாது, ஜனேல். என் வாக்கு."

அவள் முகத்திலிருந்து பயம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அப்படி ஒரு மனிதரின் முகத்தைத் தெளிய வைக்க எத்தனை பேருக்கு வாய்க்கும்? அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

பக்கங்களை எல்லாம் சிட்னியில் இருந்த அவர்கள் கணினிகளுக்கு மாற்றும் வேலை எனக்கு. டேமியன் என்று ஒரு மேலாளர், நல்ல மனிதர்தான். ஓடைப் பக்கத்துக்கு நான் எழுதிய பழைய நிரல் அவர்கள் கணினியில் ஓடவில்லை. கேட்டேன்.

"அது யாரு பேர்ல இருக்கு நெவில்?"

"ஊர் பேர்ல."

"ஊரோட ஒப்பந்தம் இருக்கா?"

"ஒப்பந்தம் எதுக்கு? கிளைவ் பாத்துச் சொல்றான், நாங்க போடறோம்."

"அப்படின்னா அது நம்ம பக்கமே இல்லங்க. முப்பது நாள் நோட்டீஸ் அனுப்பிட்டு மூடிடுங்க."

அந்த அறிவிப்பை எழுதினேன். நல்ல அறிவிப்பு. இனிமேல் இந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம், பழையபடி ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று தெளிவாகவே இருந்தது. என் கணினியை எடுத்துப் போயிருக்கிறீர்கள், அனுப்பாத கடிதங்களில் பார்க்கலாம். அனுப்பவில்லை. ஜனேலின் முகம் கண்முன் வந்தது. வாக்குக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊர் அப்போதுதான் அமைதியாகியிருந்தது. மறுபடி கலவரப்படுத்த மனம் வரவில்லை.

எனவே பழைய பக்கத்தைப் போலவே ஒன்று செய்தேன். அதே தலைப்பு, அதே பச்சைப் பட்டை. என் வேலை என்று கம்பெனிக்குத் தெரியாமல் எட்னாவின் பூக்கடைப் பக்கத்துக்குள் ஒளித்து வைத்தேன்; பழைய முகவரியில் போனாலும் அதுதான் திறக்கும். கிளைவ் அனுப்புகிற எண் நேராக எனக்கு வரும்படி திருப்பினேன். அவன் திரையில் வழக்கம்போல 'பெற்றுக்கொண்டோம், நன்றி கிளைவ்' என்று வரும். எனக்கு வந்த எண்ணை நான் கையால் பக்கத்தில் போடுவேன். எண்ணுக்குக் கீழே, கடைசியாகச் சரிபார்த்த நேரம் என்று ஒரு வரி உண்டு. அதை மட்டும் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாக மாறும்படி அமைத்தேன். நான் கழிவறைக்குப் போயிருந்தாலும் பக்கம் விழித்திருக்கிற மாதிரி இருக்க வேண்டுமே.

பதினோரு வாரம் அப்படி நடந்தது. ஒரு எண்கூடத் தவறவிடவில்லை. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அந்தப் பதினோரு வாரத்தில் நான் பட்டது கொஞ்சமல்ல. குளிக்கும்போது கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். மீன்பிடிக்கப் போவதை விட்டேன். மகள் கிராஃப்டனிலிருந்து கூப்பிட்டாள், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க அப்பா என்று; சளி பிடித்திருக்கிறது என்றேன். வழியில் சிக்னல் போகிற இடம் ஒன்று உண்டு. இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் எண் ஏறினால்? ஊர்க்காரர்களின் பயத்தை எல்லாம் வாங்கி நான் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிக்கொண்டால் தூக்கம் வரும்.

நவம்பர் இறுதியில் கொலீனுக்கும் எனக்கும் நன்றி சொல்ல ஊர் மண்டபத்தில் ஒரு விருந்து வைத்தார்கள். அந்தச் சனிக்கிழமைதான். பத்தரை மணித் தேநீர். போகாமல் இருக்க முடியாது. கிளைவின் காலை எண் 0.9. வானத்தில் ஒரு மேகம் இல்லை. மண்டபத்தின் தகரக் கூரைக்குக் கீழே கைப்பேசி செத்துவிடும் என்று தெரியும். ஒரு மணி நேரம்தானே என்று போனேன்.

ஸ்கோன் ரொட்டி, லாமிங்டன் கேக், ஜாம் எல்லாம் வைத்திருந்தார்கள். லாயிட் எழுந்து பேசினார். "கம்பெனி கைமாறுதுன்னு லெட்டர் வந்தன்னிக்கு நாம எல்லாரும் தலைல கை வெச்சு உக்காந்தோம். இந்தாளு ஒருத்தன் சொன்னான், எதுவும் மாறாதுன்னு. மாறுச்சா?" எல்லோரும் இல்லை என்று கத்தினார்கள். ஜனேல் என் கையைப் பிடித்து, "நீங்க இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையே இல்ல நெவ்" என்றாள். மத்தியானம் பூங்காவில் சாஸேஜ் சுடப்போவதாகவும், கட்டாயம் வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டு முன்னதாகவே கிளம்பினாள். என் வாழ்க்கையில் ஒரு கூட்டம் எனக்காகக் கை தட்டியது அந்த ஒரு தடவைதான். நான் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு இருபது.

வெயிலில் நின்றபடி கைப்பேசியைப் பார்த்தேன். கிளைவ் பதினொன்று நாற்பதுக்கு 3.6 அனுப்பியிருந்தான். கீழே ஒரு குறிப்பும் இருந்தது: 'மேல பேய் மழைடா நெவ்.' வீட்டுக்கு ஓடி வந்து கணினி முன் உட்காரும்போது 4.4 வந்தது. பக்கத்தில் 0.9 இருந்தது. கீழே, பன்னிரண்டு முப்பதுக்குச் சரிபார்க்கப்பட்டது என்று அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

இங்கேதான் நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும், சார்ஜென்ட். 0.9ஐ அடித்து 4.4 போடுவது எனக்கு மூன்று வினாடி வேலை. போட்டிருந்தால் எல்லோரும் கிளம்பியிருப்பார்கள். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் அப்படித் தாவினால், கேட்பார்கள். காலையிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை 0.9 என்று சரிபார்த்தது யார் என்று கேட்பார்கள். கை தட்டின சத்தம் இன்னும் என் காதில் இருந்தது. எந்த ஓடையும் ஒரே மூச்சில் மூன்றரை மீட்டர் ஏறாது. ஆகவே, ஓடை எப்படி ஏறுமோ அப்படி ஏற்றுவோம் என்று முடிவு செய்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு 1.4 போட்டேன். ஒன்றேகாலுக்கு 1.9. அதே ஒன்றேகாலுக்குக் கிளைவிடமிருந்து வந்தது 5.2.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். எனக்கு ஒவ்வொரு சாணும் முக்கியமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாக ஏற்றினால் மூன்று மணிவாக்கில் உண்மையான எண்ணை எட்டிவிடலாம், யாருக்கும் தெரியாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று தாளில் கணக்குப் போட்டேன். அவசரத்தில் எழுத்து எனக்கே புரியவில்லை. இரண்டு மணிக்கு 2.3 போட்டேன்.

அதற்குப் பத்து நிமிடம் முன்னால் கிளைவ் எழுதியிருந்தான்: '5.9. ஃப்ளாட்ல எல்லாரும் கிளம்பிட்டாங்களா? யாராச்சும் ஒரு பதில் போடுங்கப்பா. இல்லன்னா நான் மேட்டுக்குப் போயி போன் பண்றேன்.' அவன் வீட்டுத் தொலைபேசிக் கம்பி அறுந்து மூன்று வருடம். எண் அனுப்புவதற்கென்று நான் வைத்துக்கொடுத்த ரேடியோ பெட்டி அந்தப் பக்கத்தோடு மட்டும்தான் பேசும். கைப்பேசிக்குக் கிழக்கு மேட்டின் உச்சிக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் நாலு சக்கர பைக்கில், அந்த மழையில். அவனுக்கு மாரடைப்புக்குப் பிறகு நெஞ்சில் இரண்டு குழாய் வைத்திருக்கிறது. அவனைப் போய் அலைய விடுவதா? 'கிளம்பிட்டாங்க கிளைவ், நீ வீட்டுக்குள்ள இரு' என்று பதில் போட்டேன். அக்கறையோடுதான் போட்டேன். அவன் மேட்டுக்குப் போகவில்லை.

அப்புறம்தான் தொலைபேசி அடித்தது. இரண்டாவது மணியில் எடுத்தேன்.

"நெவ், ஜனேல். தொந்தரவு பண்றேன், கோச்சுக்காதீங்க. பக்கத்துல ரெண்டு புள்ளி மூணுன்னு போட்டிருக்கு. ஆனா இங்க ஒரு மாதிரியா இருக்கு. கழிப்பறை வாசல்ல ரெண்டு கருஞ்சிவப்புப் பாம்பு ஏறி வந்து கெடக்கு. வாத்தெல்லாம் சிமெண்ட் மேடைக்கு வந்துடுச்சு. தண்ணி வேற மண்ணு வாசம் அடிக்குது."

நான் திரையில் கிளைவின் 5.9ஐப் பார்த்தேன்.

"டார்சி ரொட்டியும் சாமானும் வாங்க டவுனுக்குப் போயிட்டாரு, வர மூணரை ஆகும். வண்டியும் அவர்கிட்டதான் இருக்கு. கூப்பிட்டு வரச் சொல்லவா? இல்ல வீணா பயப்படறேனா? எனக்குப் பயமா இருக்கு நெவ். பக்கம் சரிதானே?"

அவளிடம் அப்போது முக்கால் மணி நேரம் இருந்தது. டவுனிலிருந்து டார்சி திரும்பி வரப் பத்து நிமிடம். ஆஸ்போர்ன் தம்பதியை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்குப் போக ஐந்து நிமிடம். இதெல்லாம் என் தலைக்குள் ஓடியது. நான் மூளை கெட்டவன் இல்லை. சரியில்லை என்ற ஒரே வார்த்தையைச் சொல்ல வாயையும் திறந்தேன். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் அடுத்து அவள், அப்படியென்றால் பக்கம் ஏன் அப்படிச் சொல்கிறது நெவ் என்று கேட்பாள். அதற்கடுத்து மண்டபத்தில் கை தட்டிய அத்தனை பேரும் கேட்பார்கள்.

"பக்கம் சரிதான், ஜனேல்" என்றேன். "பயப்படாதீங்க. போய்ச் சாப்பிடுங்க."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "அப்பாடா. உங்களுக்கு ரெண்டு சாஸேஜ் எடுத்து வைக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். நாற்பது வினாடி அவ்வளவுதான்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குத் தண்ணீர் பூங்காவுக்குள் வந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. என் வீடு மேட்டில் இருக்கிறது. சன்னல் வழியாகப் பார்த்தேன். கேரவன் ஒன்று மெதுவாகத் திரும்பியது, யாரோ உள்ளே உட்கார்ந்து ஓட்டுவது மாதிரி. மீட்புப் படை வர மூன்றரை ஆனது. ஜனேல் ஒன்பதாம் எண் கேரவனின் வாசல் கம்பியைப் பிடித்தபடி கிடைத்தாள் என்று சொன்னார்கள். உள்ளே அந்த முதியவர்கள் இருவரும். மற்றவர்களைப் போல அவளும் மேட்டுக்கு ஓடிப் பிழைத்திருக்கலாம். நீச்சல் தெரியாதவள், அவர்களை எழுப்பப் போயிருக்கிறாள்.

சேதி கேட்டதும் நெஞ்சு வலி வந்து கிளைவ் மருத்துவமனையில் இருக்கிறான். என் பதிலை உங்களிடம் காட்டியது அவன்தான் என்று நினைக்கிறேன். பரவாயில்லை.

உங்களிடம் நானாகவே ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். இறுதிச் சடங்கில் டார்சி எல்லோரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்தான். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். சட்டையில் இன்னும் சேற்று வாடை இருந்தது. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்: "அவ உங்களக் கூப்பிட்டிருக்கலாம் நெவ். எதுக்கெடுத்தாலும் உங்களத்தானே கூப்பிடுவா. ஒரு தடவ உங்களக் கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க, உசுரோட இருந்திருப்பா. தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இருந்துட்டா, பைத்தியக்காரி." நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அன்றிலிருந்து தொலைபேசி அடித்தால் என்னால் எடுக்க முடிவதில்லை. ஏழெட்டுத் தடவை அடித்து அதுவே ஓய்கிறது. நான் சுவரோடு ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாழ்க்கையில் இதுவரை இப்படிப் பயந்ததில்லை.

கொலீனுக்கு இதில் எதுவும் தெரியாது. டேமியனும் மூடச் சொன்னாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. எல்லாம் நான் செய்தது. அந்த மூன்று பேரையும் நான்தான் அங்கே உட்கார வைத்தேன்.

ஒரே ஒரு திருத்தம். நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் அறிக்கையில், பக்கம் கடைசிவரை தவறான உயரத்தையே காட்டியது என்று இருக்கிறது. அது சரியல்ல. மூன்று ஐம்பதுக்கு நான் 6.3 போட்டேன். கிளைவின் கம்பத்தில் அப்போது இருந்ததும் அதேதான், அவனிடமே கேட்டுப் பாருங்கள். பட்டையைக்கூடச் சிவப்பாக மாற்றினேன். பக்கத்தைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் வாடிக்கையாளர்கள் அதைப் படிப்பார்கள்.